பவுனம்மாள் வீட்டு மருந்து

யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறார் இந்த டாக்டர்! தனலெட்சுமிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"தங்கச்சி, இந்தப் பிள்ளை வயித்தில இருக்கேக்க நீங்கள் குடிச்சனீங்களோ?"

இதுதான் கேள்வி. கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில், சுவரெல்லாம் கொசு ஒழிப்புப் படமும் தாய்ப்பால் படமும் ஒட்டிய அறையில், மகனை மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டார். கேட்டவர் டாக்டர் சண்முகரத்தினம். பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ்தான் என்றாலும் பேச்சில் தாத்தா காலத்து யாழ்ப்பாணம் போகவில்லை.

"நானா? குடிக்கிறதா?" தனம் எழுந்தே நின்றுவிட்டாள். "டாக்டர், எங்கப்பா சம்சு சாராயம் குடிச்சே செத்தாரு. பூச்சோங் தோட்டத்துல, கால்வாய்ல கெடந்தவரத் தூக்கிட்டு வந்தாங்க. அந்த நாத்தத்துல வளந்தவ நான். என் கை அந்தச் சனியனத் தொட்டதே கெடையாது. படிச்சிட்டா யாரப் பாத்தும் என்ன வேணாலும் கேக்கலாமா?"

அப்பன் குடித்துச் செத்த வீட்டுப் பெண்ணிடம் போய் 'நீ குடித்தாயா' என்று கேட்டால் வேறு எப்படிப் பேசுவாள்? டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இப்படி எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரோ.

"கோவிக்காதையுங்கோ. சாராயத்தைக் கேக்கேல்லை. ஸ்டௌட் பியர், கள்ளு, டானிக் ஒயின்... உடம்புக்கு நல்லதெண்டு வீட்டில ஏதும் தந்தவையோ?"

"ஓ, அதுவா? அது மருந்து டாக்டர். எங்க மாமியா குடுத்தாங்க. டெய்லி ஒரு கிளாஸ்."

பெருமையாகத்தான் சொன்னாள். ஒரு நாள்கூடத் தவறாமல் குடித்தவள் அல்லவா! டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் வைத்த விதத்தைப் பார்த்ததும் தனத்துக்கு அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்தாள்.

அந்த மருந்தின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கிள்ளானில் மாமியார் பவுனம்மாள் வீட்டில் ஒரு முறை உண்டு. மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால், மூன்றாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து, குத்துவிளக்கேற்றி, பிள்ளைத்தாய்ச்சியைப் பாயில் உட்கார வைத்து மருந்து ஊற்றுவார்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் அது தென்னங்கள்ளு. பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். டவுனுக்குக் குடிவந்து கொஞ்சம் கௌரவம் வந்ததும் கள்ளு கேவலமாகிவிட்டது. அந்த இடத்துக்குச் சீனர் மருந்துக்கடையிலிருந்து 'தாய்முத்து டானிக் ஒயின்' வந்து சேர்ந்தது. புட்டிமேல் கொழுகொழு பிள்ளையும் சிரித்த முகத்தோடு தாயும். கீழே தமிழிலேயே எழுதியிருக்கும்: 'தாய்மார்களுக்கு உகந்தது, இரத்தம் ஊறும்.' எத்தனை சதவீதம் சாராயம் என்பது மட்டும் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தாய்மார்கள்மேல் அவ்வளவு அக்கறை!

விளக்கு வைத்த அந்த வெள்ளிக்கிழமை தொடங்கி, பிரசவ வலி காணும் வரைக்கும் அந்திக்கு ஒரு கிளாஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டௌட்டில் நாட்டுக்கோழி முட்டை அடித்துக் கலக்கித் தருவதும் உண்டு. அதே புட்டியிலிருந்து ஓர் ஆம்பிளை குடித்தால் குடிகாரன். பிள்ளைத்தாய்ச்சி குடித்தால் பத்தியம். இது எந்த ஊர் நியாயம் என்று அந்த வரிசை வீடுகளில் யாரும் கேட்டதில்லை. தனமும் கேட்கவில்லை. குடித்ததும் காது சூடாகும், கண் சொக்கும். "பாத்தியா, ரத்தம் ஊறுது" என்பாள் பவுனம்மாள். மாமியார் தன் கையால் ஊற்றிக் கொடுக்கிறாளே என்று மருமகளுக்கும் மனம் குளிர்ந்துபோகும்.

டாக்டர் குணசீலனை அருகில் அழைத்தார். ஏழு வயதுப் பிள்ளை. ஓர் இடத்தில் நிற்காது. இன்று எழுதக் கற்றுக்கொண்ட எழுத்து நாளைக்குத் தலையில் இருக்காது. தமிழ்ப்பள்ளி டீச்சர் விடாமல் நச்சரித்ததால்தான் பிஸ்கட் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு இவ்வளவு தூரம் கூட்டி வந்திருந்தாள். டாக்டர் அவன் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். சிறிய கண்களைக் காட்டினார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எல்லாருக்கும் இருக்கும் பள்ளம் இவனுக்கு இல்லாமல் வழவழவென்று இருப்பதைக் காட்டினார். தனம் அந்த இடத்தில் எத்தனையோ முத்தம் கொடுத்திருக்கிறாள்.

"தாய் குடிக்கிறது தொப்புள்கொடியால பிள்ளைக்கும் போகும். உங்களுக்கு ஒரு கிளாஸ். அந்தச் சின்னன் மூளைக்கு அது எவ்வளவு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எல்லாப் பிள்ளையளுக்கும் இப்பிடி வராது. ஒருத்திக்கு ஒண்டும் செய்யாது, இன்னொருத்தியின்ர பிள்ளையப் பிடிச்சிடும். நூறு வீதம் இதுதான் எண்டு நான் சத்தியம் பண்ணேலாது. ஆனா முகம், தலை, படிப்பு எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எனக்குச் சந்தேகமில்லை."

"சரியாயிடுமா டாக்டர்?"

"பழக்கலாம். பொறுமையாச் சொல்லிக் குடுத்தாப் படிப்பான், மெல்ல மெல்ல. போனதைத் திருப்பித் தர என்னட்ட மருந்தில்லை."

தனம் அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலையே! வந்தது கோபம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபம்.

"நான் ஒம்பது மாசமும் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் மிஸ்ஸி எடை பாத்தாங்க, பிரஷர் பாத்தாங்க, இரும்பு மாத்திரை குடுத்தாங்க. குடிக்கிறியான்னு ஒரு வார்த்தை கேக்கலையே!"

"அங்க அதைக் கேக்கிற வழக்கம் இல்லைத் தங்கச்சி. அந்த மிஸ்ஸிமார் மலாய்க்காரர், அவையின்ர வீடுகளில இந்தச் சாமானே இல்லை. பொம்பிளை குடிப்பாள் எண்டு அவையளுக்குத் தோணாது. கேட்டாலும் எங்கட பொம்பிளையள் 'இல்லை' எண்டுதான் சொல்லுவினம். நீங்களும் முதல்ல அப்பிடித்தானே சொன்னீங்கள்?"

"தெரிஞ்ச நீங்க என்ன செஞ்சீங்க? கோயிலுக்கு வந்து சொன்னீங்களா? ரேடியோவுல சொன்னீங்களா?"

டாக்டர் மேசைமேல் கிடந்த டேப்பைச் சுருட்டினார். "பிள்ளை பிறந்து என்னட்ட வந்த பிறகுதான் தாயை நான் காணுறன்" என்றார்.

குணாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டாள். இன்று வெள்ளிக்கிழமை! ஐயோ, கமலவேணி!

கமலவேணி தனத்தின் நாத்தனார், பவுனம்மாளின் கடைக்குட்டி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை, இது மூன்றாம் மாதம். மருந்து ஊற்றத்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்கள் கூடிவிடுவார்கள். மருந்துக்கடைக்குப் போய்ப் புட்டி வாங்கி வந்ததுகூட தனம்தான், நேற்று.

கிள்ளான் பஸ் நகருவேனா என்றது. ஃபெடரல் ஹைவேயில் லோரிகள் வரிசைகட்டி நின்றன. குணா ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தான். தனத்துக்கு உள்ளே கொதித்தது. ஏழு வருஷம்! இந்தப் பிள்ளை நடக்கத் தாமதமானால், "அவ அப்பன் ரத்தம், வேற எப்படி இருக்கும்?" பேச்சு வராவிட்டால், "குடிகாரன் பேரன்தானே." கல்யாண வீடு, சாவு வீடு என்று போகிற இடமெல்லாம் பவுனம்மாள் இதையே பாடினாள். தனமும் அதை நம்பினாள். அப்பன் செய்த பாவம் மகன் தலையில் விடிந்ததாக நினைத்து, பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள், தலைமுடி கொடுத்தாள், செத்துப்போன அப்பனைச் சபித்தாள். அந்த மனுஷன் ஆயிரம் பாவம் செய்திருக்கலாம், இந்தப் பாவத்தை அவர் செய்யவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தது மாமியார் கை. உடைந்தது பிள்ளை.

ஆனால் ஒன்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்று வாயைத் திறந்தால் முதல் கல் அவள்மேல்தான் விழும். 'குடிச்சுப் பிள்ளையக் கெடுத்தவ' என்ற பேர் நாளைக்குப் பாசார்ச் சந்தை வரைக்கும் போகும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன? வாயைத் திறக்காவிட்டால் கமலவேணி வயிற்றில் இருப்பது இன்னொரு குணா ஆகலாம்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே மல்லிகைப்பூவும் சாம்பிராணியும் மணத்தன. புருஷன் ஜெயராஜ் வாசலிலேயே நின்றிருந்தான். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். "டாக்டர் என்னா சொன்னாரு?" என்றான். அடுத்த வீட்டுச் சுவரோரம் இழுத்துப்போய் நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. மகனைப் பார்த்தான், வீட்டுக்குள் பார்த்தான்.

"இப்ப சொல்லாத தனம். எல்லாரும் வந்திருக்காங்க லா. அம்மா ஆசையா செய்யிறாங்க. நாளைக்கு மெதுவா பேசிக்கலாம்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் இவன்! "நாளைக்கா? புள்ள வயித்துல கெடக்கிறது நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமா?" என்று அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் பாய் விரித்து, பட்டுப்புடவையில் கமலவேணியை உட்கார வைத்திருந்தார்கள். சந்தனம் பூசியாகிவிட்டது. பவுனம்மாள் வெள்ளி டம்ளரில் மருந்தை ஊற்றி மகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்காத, கமலா! கீழ வை."

பவுனம்மாள் திரும்பினாள். "என்னாடி இது, விளக்கு வச்ச நேரத்துல?"

"அத்தை, அது மருந்து இல்ல. அதுல சாராயம் இருக்கு. குணா இப்படிப் பொறந்ததுக்கு இதான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க தெனமும் எனக்கு ஊத்திக் குடுத்தீங்களே, இதேதான்."

சொல்லிவிட்டாள். அவ்வளவு பெண்களும் திரும்பி, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த குணாவைப் பார்த்தார்கள். தனத்துக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவனை மறைக்கவில்லை.

"அடி பாவி!" பவுனம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஒங்கப்பன் குடிச்ச குடிக்கு என் மேல பழி போடறியா? நான் கள்ளு குடிச்சுத்தான் நாலு பெத்தேன். ஒண்ணு சோடையா? ஒம் புருஷன் சோடையா? இந்தா ஒக்காந்திருக்காளே, இவ சோடையா?"

"எல்லாருக்கும் வராதாம். ஒங்களுக்கு வரல, எனக்கு வந்துருச்சு. கமலாவுக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எதிர்வீட்டு வள்ளியம்மா சமாதானத்துக்கு வந்தாள். "விடு தனம். இந்த டாக்டருங்க அப்படித்தான்லா, எதையாச்சும் சொல்லிப் பயமுறுத்துவாங்க. காலங்காலமா குடுக்கிறது. நானும்தான் குடிச்சேன், எம் மருமவளும் குடிச்சா. ஒரு கிளாஸ்ல என்னா ஆயிரும்? மருந்துதானே."

"ஆமா, மருந்துதானே?" பவுனம்மாளுக்குத் தெம்பு வந்துவிட்டது. "பொறாமைடி இவளுக்கு. எம் மவ புள்ள நல்லா பொறந்துரும்னு பொறாமை. நீ குடிம்மா, கமலா."

பொறாமையாம்! கமலவேணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தாள். டம்ளர் வாயை நோக்கி உயர்ந்தது. வாசற்படியில் ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்த வீட்டில் டாக்டர் பேச்சும் எடுபடாது, மருமகள் பேச்சும் எடுபடாது என்று தனத்துக்குப் புரிந்தது.

எட்டி அந்த டம்ளரைப் பிடுங்கினாள். குணாவை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"சரி, மருந்துதான். இவன் ஒங்க பேரன். எலும்பும் தோலுமா இருக்கான், ரத்தமே இல்ல. ஒடம்புக்கு நல்லதுன்னா இவனுக்கும் குடுங்க. இந்த ஒரு டம்ளரையும் ஒங்க கையாலயே ஊத்துங்க, அத்தை. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

டம்ளரை மாமியார் கையில் திணித்தாள். குணா அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்துகொண்டு நின்றான். பாட்டி எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற பிள்ளை அது.

பவுனம்மாள் பாம்பைத் தொட்டதுபோலக் கையை உதறினாள். மருந்து பாயெல்லாம் சிந்தியது.

"ஏய், ஒனக்குப் பைத்தியமா? பச்சப்புள்ளைக்குப் போயி யாராச்சும் சாராயத்தக் குடுப்பாங்களா? நீயெல்லாம் ஒரு தாயா?"

சாராயம் என்ற அந்த வார்த்தை பவுனம்மாளின் வாயிலிருந்துதான் வந்தது. கூடத்தில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்கே அது காதில் விழ ஒரு கணம் ஆனது. வள்ளியம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். யாரோ ஒரு பெண் எழுந்து தன் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏழு வயசுப் புள்ளைக்கு ஆகாது," என்றாள் தனம். "வயித்துல இருக்கிறது விரலளவு புள்ள, அத்தை. அதுக்கு மட்டும் ஆகுமா?"

பவுனம்மாள் பாயிலிருந்த ஈரத்தைப் பார்த்தாள். பேரனைப் பார்த்தாள். அவன் தரையில் சிந்தியதில் விரலை வைத்துக் கோடு இழுக்கக் குனிந்தான். அவள் பதறி அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "தனம்..." என்று என்னவோ சொல்ல வந்தாள்.

தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் கொடுத்துத் தொலைக்க வேண்டும். கொடுக்கிற மனம் இன்றைக்கு அவளிடம் இல்லை. குடிகாரன் பேரன் என்று ஏழு வருஷம் சொன்ன வாய் அது. கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்.

பெண்கள் ஒவ்வொருவராகத் தாம்பூலம்கூட வாங்காமல் எழுந்து போனார்கள். கமலவேணி பாயைவிட்டு எழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

"அண்ணி," என்றாள். "வாந்தி நிக்கும்னு அம்மா முன்னாடியே ஒரு புட்டி குடுத்துவிட்டாங்க. நாள் தள்ளிப்போனதுல இருந்து நான் குடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

தனம் அவளுக்குப் பக்கத்தில் அந்த ஈரப்பாயிலேயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து யார் யார்மேலோ கோபப்பட்டவளுக்கு இந்தப் பெண்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை.

"இன்னியோட விட்டுரு. ஒரு சொட்டு வேணாம். நிறுத்துற நாள்ல இருந்தே புள்ளைக்கு நல்லதுதான். நாளைக்கு ஒன்ன நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். உள்ளத மறைக்காம அப்படியே சொல்லு."

கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டியின் பிடியில் நெளிந்துகொண்டிருந்த குணாவைப் பார்த்தாள். பிறகு தனத்தைப் பார்த்தாள்.

"இவன் வயித்துல இருக்கிறப்ப, ஒங்ககிட்ட யாருமே இப்படிச் சொல்லலியா அண்ணி?"

"சொல்லல," என்றாள் தனம்.